அப்பக்காரையும் அரைச்சொட்டு பெட்ரோலும்

ஆற்றுக்கால் பொங்கல் அன்று திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துத் தெருக்களில் நடந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மூன்று செங்கல், புது மண்பானை, காய்ந்த கொதும்பு. எல்லோருக்கும் ஒரே அரிசி, ஒரே வெல்லம், தலைக்கு மேல் ஒரே வெயில். ஆனாலும் ஒரு பானை பொங்கி வழியும்போது பக்கத்து அடுப்பு புகைந்துகொண்டே இருக்கும். அனுபவப்பட்ட மாமி ஒருவர் குனிந்து, விறகை இரண்டு விரற்கடை பின்னால் இழுப்பார். புகை அடங்கி, தெளிவாகத் தீ எழும்பும். விறகு அதிகமாகிக் காற்றை அடைத்திருந்தது, அவ்வளவுதான். பெட்ரோல் எஞ்சினுக்குள் நடப்பதும் இந்த இரண்டு விரற்கடை விவகாரம்தான்.

இதே ஸ்ரீவராகத்தில் நண்பர் ஒருவரின் ஷெட்டில் ஒரு பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் நிற்கிறது. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், 1296 சிசி எஞ்சின், மார்க் 3. நம் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்ததும் "எங்கேயோ பார்த்த முகம்" என்பார்கள். நிஜம்தான். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்த ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் உடன்பிறப்புகள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ். அந்தக் காரிலிருந்து இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களை இறக்கிவிட்டு, நாமே கணக்கு எழுதி வைக்கக்கூடிய ஃப்யூல் இன்ஜெக்‌ஷனை ஏற்றினோம். பல ஞாயிற்றுக்கிழமைகள் நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, கேள்வி கேட்டுக்கொண்டு கூடவே நின்றேன்.

முதலில் இறக்கியதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சாதாரணப் பொருள் இல்லை. எஸ்.யூ. கார்புரேட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு சோற்றுப்பானை மூடி. ஆவி கூடினால் மூடி எழும்பும், குறைந்தால் உட்காரும். அதே மாதிரி எஞ்சின் உறிஞ்சும் காற்று கூடக்கூட உள்ளே ஒரு பிஸ்டன் எழும்புகிறது. அதன் அடியில் நுனி கூம்பிய ஊசி ஒன்று, பெட்ரோல் வரும் ஜெட்டுக்குள் இறங்கியிருக்கிறது. ஊசி எழும்ப எழும்பத் துளை அகலமாகி, பெட்ரோல் கூடுதலாக வருகிறது. மூடி படபடவென்று குதிக்காமலிருக்க மேலே கொஞ்சம் எண்ணெய். இதில் கம்ப்யூட்டரும் இல்லை, கரண்ட்டும் இல்லை. தன் வேலையை இவ்வளவு அழகாகச் செய்யும் இயந்திரங்கள் குறைவு.

அதற்குத் தெரியாதது ஒன்றுதான்: காற்றின் கனம். இங்கிருந்து பொன்முடிக்கு ஏறுங்கள். கடைசிப் பகுதியில் 22 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி சுமார் 1,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்று இளைத்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்க ஊசிக்கு வழி தெரியாது. வண்டி இழுக்காது, புகைபோக்கியில் கரி படியும். போதாக்குறைக்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும். கலவைக்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் போலக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும். 1960களின் ஊசி அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குச் சீவப்பட்டது. அதே தண்ணீர், அதே விசில் கணக்கில் பச்சரிசிக்குப் பதில் புழுங்கலரிசியைப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்.

இன்ஜெக்‌ஷன் இதை எப்படிச் சமாளிக்கிறது? காற்றை எடை போட்டு, அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுக்கிறது. முழு ரகசியமும் இந்த ஒரு வரிதான், ஆனால் அந்த அளவு எவ்வளவு சின்னது என்பதை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

1296 சிசியை நாலாகப் பிரித்தால் சிலிண்டருக்கு 324. முழுவதும் நிரம்பாது, எண்பது சதவீதம் என்று வைப்போம்: சுமார் 260 சிசி காற்று. நம் ஊர்ச் சூட்டில் அதன் எடை 0.3 கிராம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது கலவையைக் கொஞ்சம் கெட்டியாகவே வைப்பார்கள். அப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு தடவைக்கு வேண்டிய பெட்ரோல் 0.03 மில்லி சொச்சம். மருந்து டிராப்பரில் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. ஆக, அரைச்சொட்டுக்குச் சற்றே மேல். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இந்த அரைச்சொட்டை நொடிக்கு 42 தடவை அளந்து கொடுக்க வேண்டும். இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு குட்டிக் குழாய், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 180 மில்லி ஊற்றக்கூடிய இன்ஜெக்டர், அந்த அரைச்சொட்டுக்காக ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் போதும். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது அதிலும் ஐந்தில் ஒரு பங்குதான்.

எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? இங்கேதான் அப்பக்காரை வருகிறது. கார்த்திகைக்கு அப்பம் வார்க்கும் வெண்கலக் காரையில் குழிகள் வரிசையாக இருக்கும். இன்ஜெக்டரை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈ.சி.யூ.வின் நினைவில் இருப்பதும் அப்படியொரு காரைதான். பக்கவாட்டில் எஞ்சினின் சுற்று வேகம், மேலிருந்து கீழாக, காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டின் அழுத்தம். வழக்கமாக 16க்கு 16, மொத்தம் 256 குழி. ஒவ்வொரு குழிக்கும் எவ்வளவு மாவு என்று ஒரு எண். வண்டி இரண்டு குழிகளுக்கு நடுவே ஓடும்போது, பக்கத்துக் குழிகளின் எண்களைக் கலந்து ஓர் அளவை அதுவே போட்டுக்கொள்ளும். இந்த வகைக்குச் சொல்லும் ப்ரோகிராமபிள் என்ற பெரிய வார்த்தைக்கு அர்த்தம், இந்த எண்களை லேப்டாப் வைத்து நாமே மாற்றலாம் என்பதுதான். 1999, 2000 வாக்கில் கார்கள் பின்னால் எம்.பி.எஃப்.ஐ. என்று பெருமையாக ஸ்டிக்கர் ஒட்டி ஓடின இல்லையா, அவற்றிலும் இதே காரைதான். ஆனால் மாவின் அளவைக் கம்பெனி பூட்டி வைத்திருந்தது. வீட்டு ஷெட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற வழியைப் பெரிய அளவில் திறந்துவிட்டவர்கள் ப்ரூஸ் பவ்லிங், ஆல் க்ரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள். அவர்களுடைய மெகாஸ்க்விர்ட் பெட்டி 2001இல் வந்தது.

சமைக்கிறவளுக்குக் கண், காது, மூக்கு வேண்டும். பெட்டிக்குச் சென்சார்கள்தான் அவை. கிராங்க் புல்லியில் ஒரு பல்சக்கரம் மாட்டினோம். 36 பல் இருக்க வேண்டிய இடத்தில் 35 தான். ஜபமாலையில் மேருமணி விரலில் பட்டதும் ஒரு சுற்று முடிந்தது தெரிவது போல, விடுபட்ட அந்தப் பல் கடக்கும்போது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரிகிறது. மேனிஃபோல்ட் அழுத்தத்துக்கு ஒன்று, உள்ளே வரும் காற்றின் சூட்டுக்கு ஒன்று, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்க ஒன்று. கூலன்ட் சூட்டைப் பார்ப்பது எதற்கு? முதல் தோசை. கல் காயாதபோது மாவு ஒட்டும், எண்ணெய் கூட விட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் ஆவியாகாமல் சுவரில் ஒட்டும், அதனால் கூடக் கொடுக்க வேண்டும். பழைய சோக் செய்ததும் இதே வேலைதான். திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் ஒரு கொசுறு தேவை. கரண்டியில் மொண்ட எண்ணெயெல்லாம் வாணலிக்குப் போவதில்லை, கொஞ்சம் கரண்டியிலேயே ஒட்டும். ஒட்டுவதற்கும் சேர்த்து மொள்ள வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது லாம்ப்டா சென்சார். நைவேத்தியம் செய்கிறவர்கள் ருசி பார்ப்பதில்லை. எங்கள் அம்மா அரவணை கிளறும்போது உப்போ இனிப்போ நாக்கில் வைக்காமல், வாசனையிலேயே பதம் சொல்வாள். லாம்ப்டா சென்சாரும் எரிவதற்கு முந்தைய கலவையைத் தொடுவதில்லை. எரிந்து வெளியே போகும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று முகர்ந்து, பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று சொல்கிறது. பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் இந்த மூக்குக்குக் கவலையில்லை. வழக்கமான ஓட்டத்தில் அது சொன்னபடி பெட்டி குறைந்ததை ஏற்றி, கூடியதை இறக்கிக்கொள்ளும்.

இனி பணம் போக வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் இறங்குகிற பலரும் பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள்: எந்த ஈ.சி.யூ., எத்தனை அம்சம் என்று. என் முடிவு வேறு. முதல் செலவு பெட்ரோல் குழாய்க்கு, இரண்டாவது வயரிங்குக்கு, மிச்சம் இருந்தால் பெட்டிக்கு.

காரணம் அழுத்தம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கால் பார் அழுத்தத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். இன்ஜெக்டருக்கு 3 பார். பத்து மடங்குக்கும் மேல். எங்களுக்கு ஒரு கடையில் இன்ஜெக்‌ஷன் ரகம் என்று சொல்லிக் கொடுத்த ரப்பர் குழாய், இரண்டாவது வாரமே வியர்த்தது. கிளாம்ப் ஓரத்தில் மணி மணியாக ஈரம். கீழே புகைபோக்கி மேனிஃபோல்ட். கூட வேலை செய்த மெக்கானிக் ஆசான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாரே, இது சாதாக் குழாய். எடுங்க, வேற போடலாம். அதுவரைக்கும் சாவியைத் தொடாதீங்க." அன்று அவர் மூக்குதான் எங்களைக் காப்பாற்றியது. எத்தனாலைத் தாங்கும், இன்ஜெக்‌ஷனுக்கென்றே முத்திரை அடித்த குழாய், அதற்குரிய வட்ட கிளாம்ப், காருக்குள் ஒரு தீயணைப்பான். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டேங்க்கும் கவனிக்க வேண்டியது. பால் குறைந்த பாத்திரத்தைச் சாய்த்தால் கரண்டி காற்றைத்தான் மொள்ளும். கார் வளைவில் சாயும்போது பம்ப்பும் அப்படித்தான். கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் நிறையப் பெட்ரோல் நின்றதால் அது தெரியவில்லை. இன்ஜெக்‌ஷனில் ஒரு கணம் காற்று வந்தாலும் எஞ்சின் திணறும். அதனால் நடுவில் எப்போதும் நிறைந்திருக்கும் ஒரு சின்னத் தொட்டி வைக்கிறோம். மிஞ்சும் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்ப ஒரு தனிக் குழாய். எஞ்சின் சுற்றாவிட்டால் பம்ப் நின்றுவிட வேண்டும். கிராங்க் சென்சாரிலிருந்து துடிப்பு வராவிட்டால் பெட்டியே பம்ப்பை நிறுத்தும்படி எழுதி வைத்தோம்.

வயரிங்கில் எங்களை மூன்று ஞாயிறு அலையவைத்தது ஓர் எர்த் வயர். கார் நன்றாக ஓடும், ஹெட்லைட் போட்டதும் மிஸ்ஸிங். காரைக் குழிகளின் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில், பெயின்ட்டின் மேல் முடுக்கியிருந்த எர்த் முனை. தராசு கோணலாக இருக்கும்போது மாவின் அளவைத் திருத்திப் பிரயோஜனம் இல்லை. வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்கவே தாமதமாகும், மாலையில் கரண்ட் இறங்கியதும் மிக்ஸி இழுவையாகச் சுற்றுவது போல. 1960களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடியோடு இணைந்திருப்பது பாட்டரியின் நேர்முனை. இன்றைய பெட்டிகளுக்கு அது ஆகாது, முதலில் மாற்ற வேண்டும். டைனமோ இருந்தால் ஆல்டர்னேட்டர் போடுங்கள்.

டியூனிங் பொறுமையான வேலை. ஒருவர் ஓட்ட, ஒருவர் லேப்டாப் பார்க்க, ஒவ்வொரு குழியாகத் திருத்தினோம். கெட்டியான பக்கத்திலிருந்து தொடங்கி இளக்க வேண்டும். பெட்ரோல் கூடினால் கரிதான் படியும். குறைந்த நிலையில் மேடு ஏற்றினால், தண்ணீரில்லாத குக்கர் மாதிரி அடி பிடிக்கும். இங்கே அடி என்பது பிஸ்டன்.

பலன்? பவர் பெரிதாகக் கூடவில்லை. அதை எதிர்பார்த்து இதைச் செய்யாதீர்கள். ஆனால் உச்சி வெயிலில் சாலைக் கடைத்தெருவில் அரை மணி நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், பம்ப் இரண்டு நொடி முனகி, எஞ்சின் உடனே பிடிக்கிறது. முன்பு கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து அடங்கும்வரை காத்திருப்போம். பொன்முடியில் 22ஆவது வளைவிலும் எஞ்சின் திணறாமல் சீராக இழுக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகவே சொன்னது. 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிய 2021இல் வந்த விதிகளும், அது மூல வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பாடியிலோ எஞ்சினிலோ புதிதாகத் துளை போடாமல், போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிற மாதிரியே எல்லாவற்றையும் மாட்டுங்கள். நாங்கள் இறக்கிய இரண்டு எஸ்.யூ.க்களும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஷெட்டின் மேல்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் உங்களுடையதை இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள்.