பழைய கணனிக்குப் புதிய முகம்: லினக்ஸில் எதைத் தெரிவு செய்வது?



உங்கள் வீட்டில் எட்டுப் பத்து வருடப் பழைய கணனி ஒன்று இருக்கிறதா? பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும், வீட்டுக் கணக்கும், கல்யாணப் படங்களும் அதற்குள்தான் இருக்கும். அதில் இயங்குவது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழமையான இலவசப் பராமரிப்பை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி பழைய கணனிகள் பலவற்றுக்கு இல்லை. “அப்படியானால் கடன்பட்டாவது புதிது வாங்க வேண்டுமா?” என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். லினக்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது.

1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிவைத்தது லினக்ஸ். காசு கொடுக்காமல் எடுத்துப் பாவிக்கலாம். ஆனால் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. விண்டோஸில் நிறுவனம் தந்த ஒரே முகப்புதான். லினக்ஸிலோ திரையில் தெரியும் முகப்பு பலவகை. சமையலறை ஒன்றுதான், சாமான்களை எந்தத் தட்டில் அடுக்குவது என்பதில்தான் வித்தியாசம்.

முகப்புகள் ஐந்து

சினமன்: நம் நாட்டுக் கறுவாவின் ஆங்கிலப் பெயர்தான் இதற்கு. லினக்ஸ் மின்ட் குழுவினர் உருவாக்கியது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு. விண்டோஸ் பழகிய கைக்குச் சிரமமே இராது.

க்னோம்: உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் வருவது. கீழே தொடக்க மெனு இராது. விசைப்பலகையிலுள்ள விண்டோஸ் விசையை அழுத்தினால் எல்லாம் திரையில் விரியும். கைத்தொலைபேசி பழகியவர்களுக்குப் பிடிக்கலாம். 2011இல் இதன் மூன்றாம் பதிப்பு பழைய ஒழுங்கை அடியோடு மாற்றியபோது பலருக்கு அது பிடிக்கவில்லை. சினமனும் மாட்டேயும் உருவானதற்கு அந்த மனக்குறையே காரணம்.

மாட்டே: பழைய க்னோமின் தொடர்ச்சி. ஆடம்பரம் இல்லை, அமைதியாக வேலை செய்யும்.

கே.டி.ஈ. பிளாஸ்மா: 1996இல் ஜேர்மனியில் தொடங்கிய முயற்சி. நிறம், பட்டை, சின்னங்கள் என்று எல்லாவற்றையும் விருப்பப்படி மாற்றலாம். தோண்டித் துருவிப் பார்க்கும் பிள்ளைக்கு ஏற்றது. அத்தனை தெரிவுகளைக் கண்டு மிரளுபவருக்கு அல்ல.

எக்ஸ்.எஃப்.சி.ஈ.: இதுவும் 1996இல் தொடங்கியது. பழைய கணனியிலும் பாரமில்லாமல் ஓடும்.

இரண்டு கேள்விகள்

முதலாவது, கணனியின் ரெம் நினைவகம் எவ்வளவு? 2 ஜிபி என்றால் எக்ஸ்.எஃப்.சி.ஈ. போதும். 4 ஜிபி என்றால் சினமன் அல்லது மாட்டே. 8 ஜிபி இருந்தால் எதுவும் சரி. இந்த மூன்று முகப்புகளும் லினக்ஸ் மின்டில் தனித்தனிப் பதிப்புகளாகக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். முகப்பு எவ்வளவு இலேசாக இருந்தாலும், இணையப் பக்கங்களைப் பத்துப் பதினைந்தாகத் திறந்து வைத்தால் சிறிய நினைவகம் திணறவே செய்யும்.

இரண்டாவது, பாவிக்கப் போவது யார்? வீட்டில் மூத்தவர்களும் பாவிப்பார்கள் என்றால், அழகைவிடப் பழகிய ஒழுங்கே முக்கியம். மகனுக்குப் பிடித்ததை உம்மாவின் தலையில் கட்ட வேண்டாம்.

முதலில் பரீட்சித்துப் பாருங்கள்

லினக்ஸை நிறுவாமலே பார்க்கலாம். 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் அதைப் பதிவு செய்து, கணனியை அதிலிருந்து இயக்கினால் முகப்பு திரையில் வரும். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பென் ட்ரைவில் ஏற்கெனவே இருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெறுமையான ஒன்றை எடுங்கள். வைஃபை, சத்தம், கெமரா, பிரிண்டர் நான்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பென் ட்ரைவிலிருந்து ஓடும்போது சற்று மந்தமாக இருப்பது வழமை.

நிறுவ முடிவெடுத்தால், அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பாருங்கள். நிறுவும்போது “வட்டை அழித்து நிறுவுக” என்று ஒரு தெரிவு வரும். அதை அழுத்தினால் வட்டில் இருந்த அனைத்தும் போய்விடும். கடைக்காரரிடம் கொடுத்தாலும் இந்தப் பிரதியை நீங்களே எடுத்து வையுங்கள்.

மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. அதற்குப் பதிலாக லிப்ரெ ஒஃபிஸ் இலவசமாக உண்டு. பழைய ஆவணங்கள் அதில் திறக்கும். சிலவற்றில் பக்க அமைப்பு சற்று விலகலாம். பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் சேர்க்கலாம். ரெங்கநாதன் விசைப்பலகை முறையிலும் தமிழில் தட்டச்சுச் செய்யலாம்.

சகோதரிகளே, தவறானதைத் தெரிவு செய்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். ஒரே கணனியில் இரண்டு முகப்புகளை வைத்து, உள்நுழையும்போது வேண்டியதைத் தெரிவு செய்யலாம். முகப்பு மாறினாலும் உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும். ஆகவே பழைய கணனியை விற்றுவிட முன், ஒரு பென் ட்ரைவைத் தேடியெடுத்துப் பரீட்சித்துப் பாருங்கள்.