படச்சட்டம் வாங்குவோர் கவனத்திற்கு

எமது தமக்கையார் வீட்டு விறாந்தையில் ஒரு டிஜிட்டல் படச்சட்டம் உண்டு. கடல் கடந்து வாழும் மகன் அனுப்பியது. அங்கிருந்து அவர் அனுப்பும் படம் இங்கே தானாகவே தோன்றும். பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததையும் பின்னர் அது விழுந்ததையும் தமக்கையார் அதிலேதான் கண்டார். ஒருநாள் சட்டம் வெறுமையாயிற்று. கருவியிற் பழுதில்லை, படங்களைக் கொண்டுவந்த கம்பனி தன் சேவையை நிறுத்திவிட்டது. காலஞ்சென்ற அத்தானின் படங்களும் அதனோடு மறைந்தன. மகன் மூலப்படங்களைத் தம் கணினியிற் பேணியிருந்தமையால் அவை தப்பின.

இஃது ஒரு வீட்டுக் கதையன்று. 2011 இல் பிரேம்சனல் என்னும் சேவை மூடப்பட்டபோது, அதனை நம்பியிருந்த சட்டங்கள் புதுப்படம் பெறும் வழியை இழந்தன. 2025 மார்ச் இறுதியில் கூகிள் போட்டோஸ் தன் விதிகளை மாற்றியது; பிறர் செய்த சட்டங்கள் நம் அல்பங்களைத் தாமாகவே வாசித்த வழி அடைபட்டது. பிறர் கையிலுள்ள திறவுகோலை நம்பிப் பெட்டி வாங்குதல் தகுமா?

ஆகவே, கடைக்குச் செல்லும்போது சில படங்களை ஒரு பென்ட்ரைவில் எடுத்துச் செல்லுங்கள். வைபை இன்றி, கணக்குத் திறவாமல், அவற்றைக் காட்டுமாறு கேளுங்கள். காட்டினால் வாங்கலாம், மறுத்தால் விலை குறைவெனினும் விட்டுவிடுக.

மெமரி கார்ட் பெரிதாயிருத்தல் அவசியமன்று. படமொன்று 3 மெகாபைட் எனக் கொண்டால், 32 ஜிகாபைட் அட்டை ஏறக்குறையப் பத்தாயிரம் படங்களைத் தாங்கும். அதனிற் பெரிய அட்டைகளைச் சில சட்டங்கள் வாசிப்பதில்லை. படங்கள் ஜேபெக் வடிவில் இருத்தல் நன்று. 1992 இல் வெளியான அப்பொது நியமம் எந்த ஒரு கம்பனிக்கும் கட்டுப்பட்டதன்று. 2017 முதல் ஐபோன்கள் பெரும்பாலும் ஹெய்க் என்னும் வேறு வடிவிற் சேமிப்பதால், அவற்றை முதலில் மாற்றிக்கொள்ளல் வேண்டும். திரையின் அளவையும் நோக்குக: கைத்தொலைபேசிப் படங்கள் பொதுவாக 4:3, அகன்ற 16:9 திரையில் இருபுறமும் கரும்பட்டை விழும்.

இவ்வழியில் ஒரு குறை உண்டென்பதை மறைக்கமாட்டோம். படம் தானாக வந்து சேராது; ஒருவர் மினக்கெட்டு ஏற்றவேண்டும். தமக்கையார் வீட்டில் இப்பொழுது அயல்வீட்டு மாணவி ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் வந்த படங்களை அட்டையில் ஏற்றிக் கொடுக்கின்றாள். அத்தானும் அட்டையிலே திரும்பி வந்துவிட்டார். எனினும், அட்டையும் ஒருநாள் பழுதாகும். மூலப்படங்களின் பிரதியொன்றை வேறிடத்திலும் வைத்திருங்கள்.