பனியால் ஆன ஓடுதளம்: ஃபீனிக்ஸ், அன்டார்க்டிகா

மெக்மர்டோ ஆய்வு நிலையத்துக்கு அருகே மிதக்கும் பனித்தட்டின் மேல் இருக்கும் இந்தத் தளத்தில் தாரும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. இருப்பது இறுக்கிய வெண்பனி மட்டுமே. முழுச் சுமையோடு 200 டன்னைத் தாண்டும் சி-17 விமானம் சக்கரங்களோடு இதில் இறங்குகிறது.

பொடிப்பனியைச் சமன்செய்து, கனமான உருளைகளை மீண்டும் மீண்டும் இழுத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுகிறார்கள். அத்தோடு வேலை முடிவதில்லை. நெருக்கப்பட்ட துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், பனி உருகாமலே, மெல்லிய பனிக்கட்டிப் பிணைப்புகள் வளர்கின்றன. நாள் செல்லச் செல்ல அவை தடித்து, தளம் இறுகுகிறது. கடுங்குளிர் இதற்கு உதவும் என்று தோன்றும். உண்மையில் குளிர் மிகுந்தால் இந்த வளர்ச்சி மந்தமாகிவிடும்.

இதற்கு முன்பிருந்த பெகாசஸ் தளம் பனிக்கட்டியால் ஆனது. காற்று கொண்டுவந்த கருந்தூசி அதன்மேல் படிந்து, வெயிலை உறிஞ்சி, ஆங்காங்கே குழிபறித்தது. 2016-இல் அது மூடப்பட்டது. 2017-இல் ஃபீனிக்ஸ் வந்தது. வெண்பனி வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுவது இதன் பெரிய பலம்.

ஆனாலும் கோடை உச்சத்தில் தளம் இளகும். அப்போது சக்கர விமானங்கள் ஓய்வெடுக்க, சறுக்குக்கட்டை பூட்டிய எல்சி-130 விமானங்களே அருகிலுள்ள வில்லியம்ஸ் தளத்திலிருந்து பறக்கின்றன.