அந்த மயில் படம் எங்கே போச்சு?

இரண்டாம் வகுப்பில் பிள்ளை வரைந்த மயில், ஐந்தாம் வகுப்பில் எழுதிய கதை... எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்! அவற்றைக் காப்பதுதான் இ-போர்ட்ஃபோலியோ.

அம்மா, அப்பாவின் கணக்கில் கூகுள் சைட்ஸ் மூலம் இலவசமாகத் தொடங்கலாம். படைப்பைப் போட்டோ எடுத்து ஏற்றுங்கள். கீழே, 'என்ன கற்றேன், எங்கே தடுமாறினேன்?' என்று பிள்ளையே இரண்டு வரி எழுதட்டும். அது இல்லாவிட்டால் வெறும் ஆல்பம்தான்.

பள்ளி நூலகர்களும் வாசிப்பு வட்டம், புத்தகக் கண்காட்சி, மாணவர்களின் நூல் விமர்சனங்களைத் தொகுக்கலாம். இரவல் பதிவேட்டில் ஏறாத உழைப்பு அதில் தெரியும்.

கவனம்: பள்ளி தந்த மெயில் ஐடியில் சேமித்திருந்தால், பள்ளி மாறும்போது கணக்கு மூடப்படலாம். முன்கூட்டியே டவுன்லோடு செய்துவிடுங்கள். பிள்ளையின் முகம், முகவரி பொதுவில் வேண்டாம். வீட்டாருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் பகிருங்கள்.

இந்த ஞாயிறு, ஒரே ஒரு படத்தோடு ஆரம்பிக்கலாமே!