கடலூர் டு சிதம்பரம்: சைக்கிள் குழுவோடு ஒரு ‘ரைடு’ போவது எப்படி?

“நாளைக்குக் காலை 5.15. ஹெல்மெட், பின் லைட், ரெண்டு பாட்டில் தண்ணி கட்டாயம். சிதம்பரத்தில் டிபன். யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்.”

சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் முக்கியமானது நேரமோ டிபனோ இல்லை, கடைசி வரிதான். சைக்கிள் கிளப்புகள் நடத்தும் ‘சோஷியல் ரைடு’க்கும் பந்தயத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பந்தயம் நமக்குப் புதிதல்ல. அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டம்தோறும் பள்ளி மாணவர்களுக்கு சைக்கிள் போட்டி நடக்கும். சாதாரண கைப்பிடி வைத்த, இந்தியாவில் தயாரான மிதிவண்டியோடு வர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அங்கே முதலில் வருபவருக்குப் பரிசு. சோஷியல் ரைடில் பரிசு கிடையாது. மெதுவாக மிதிப்பவரின் வேகம்தான் மொத்தக் கூட்டத்தின் வேகம். அப்படித்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் பல குழுக்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

45 கிலோமீட்டர், என்ன கணக்கு?

கடலூரில் இருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கி.மீ. மணிக்கு 18 முதல் 20 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டரை மணி நேரம். மேடே கிடையாது, பாலங்கள்தான் மேடு. மஞ்சக்குப்பத்தில் 5.15-க்குக் கிளம்பினால் கெடிலத்தைத் தாண்டி, பழைய நகரைக் கடந்து, சிப்காட் வரும்போது விடிந்துவிடும். அந்தப் பகுதியின் காற்று எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர்கள் வரும். முட்லூரில் இடதுபக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. நேராகப் போனால் வெள்ளாற்றைத் தாண்டி சிதம்பரம். எட்டு மணிக்கு இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் தட்டில் இருக்கும். (கொத்சுக்காகவே சைக்கிள் மிதிக்கிறவர்கள் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை.)

போவது சரி. திரும்பி வருவதுதான் விஷயம். போக வர 90 கி.மீ. முதல் தடவை வருபவருக்கு இது அதிகம். அவர்களுக்கு தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரை வரை போய்விட்டு வருவது நல்ல தொடக்கம். சிதம்பரத்தில் இருப்பவர் என்றால் கிள்ளை வழியாகப் பிச்சாவரம். போக வர 30 கி.மீ. சுமார் வரும். நெடுஞ்சாலையைத் தொடவே வேண்டாம். என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்திலேயே சைக்கிளுக்கு நல்ல சாலை அதுதான்.

காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கில் இருந்து காற்று அடிக்கும். சிதம்பரம் போகும்போது அது முதுகில் தள்ளும். ‘நமக்கு இவ்ளோ வேகமா!’ என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் வந்து மோதும். போகும்போது பலத்தையெல்லாம் செலவழித்தவர் ஆலப்பாக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கோடையில் வேறு கதை. காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் தாங்காது. நிழலும் குறைவு. 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல் இந்த மாவட்டத்தில் மரங்களை எந்த அளவுக்குச் சாய்த்தது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். மிஞ்சியதில் ஒரு பங்கு சாலை விரிவாக்கத்தில் போனது.

ஏன் கூட்டமாகப் போக வேண்டும்?

முதல் காரணம் காற்றுதான். வேகம் கூடக் கூட, மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருபவருக்குக் காற்றின் தடை கால்வாசிக்கு மேல் குறையும். அதனால் பழகிய குழுக்களில் முன்னால் போகிறவரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் புதியவர்கள் முன் சக்கரத்தை ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி வேண்டும். முன்னால் போகிறவர் குழியைப் பார்த்து பிரேக் பிடித்தால் மொத்த வரிசையும் சரியும்.

அதனால்தான் சத்தமும் சைகையும். “குழி!” என்று முன்னால் இருப்பவர் கத்தினால், அது வரிசையின் கடைசி வரை போக வேண்டும். பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் கத்துவார், அது முன்னால் வரை வர வேண்டும். அந்தக் கடைசி ஆளை ‘ஸ்வீப்’ என்பார்கள். குழுவிலேயே நன்றாக மிதிக்கத் தெரிந்தவர், பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர், முக்கியமாகப் பொறுமைசாலிதான் அந்த இடத்துக்கு வர வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேகமானவர்கள் எல்லாம் முன்னால் போய்விடுவார்கள். கடைசியில் வருபவர் புதிதாகச் சேர்ந்தவராக, தனியாக, செயின் கழன்று நிற்பவராக இருப்பார். “மெதுவா வாங்க சார், நாங்க முன்னாடி வெயிட் பண்றோம்” என்று சொல்வது விட்டுவிட்டுப் போவதற்கான மரியாதையான வார்த்தை, அவ்வளவுதான்.

இந்த ஆர்வம் வளர்ந்தால் அடுத்த கட்டமாக ‘பிரெவே’ என்ற நெடுந்தூரப் பயணம் இருக்கிறது. 200 கி.மீ. தூரத்தைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பிரான்ஸில் தொடங்கிய முறை, இந்தியாவிலும் நடக்கிறது. ஆனால் அதில் உங்களுக்கு நீங்கள்தான் துணை. சோஷியல் ரைடோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாலுவழிச் சாலை நல்லதா, கெட்டதா?

விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலை நான்கு வழியாக மாற்றப்பட்டிருக்கிறது. சைக்கிள்காரருக்கு இது இரட்டை விஷயம். பழைய இருவழிச் சாலையில் எதிரே ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு வரும்போது மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். அந்த பயம் இப்போது குறைந்திருக்கிறது. ஓரத்தில் மிதிக்க இடம் இருக்கிறது. அதே சமயம் வண்டிகளின் வேகம் கூடிவிட்டது. ஓரத்தில் ‘ராங் சைடில்’ பைக் வரும். கண்ணாடித் துண்டு, கம்பித் துண்டு எல்லாம் அந்த ஓரத்தில்தான் சேரும். அறுவடை முடிந்த நேரத்தில் நெல்லோ உளுந்தோ காயும். அதைக் கண்டு எரிச்சல்படும் சைக்கிள்காரர்களைப் பார்த்திருக்கிறேன். காயவைக்கக் களம் இல்லாதவர் எங்கே போவார்? இறங்கித் தள்ளிக்கொண்டு போக ஒரு நிமிடம்தான் ஆகும்.

புறவழிச்சாலையில் ஏறாமல் ஊருக்குள் போகும் பழைய சாலை கிடைக்கிற இடத்தில் அதில் போவதே நல்லது. டீக்கடையும் அங்கேதான் இருக்கிறது, பஞ்சர் கடையும் அங்கேதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 4,836 பேர் சைக்கிளில் சென்றவர்கள். இவர்களில் ஹெல்மெட் போட்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பியவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? தினமும் வேலைக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் போகிறவர்களே நம் சாலைகளில் அதிகம். பத்து பேர் பின் லைட்டோடு போகும் குழுவை லாரி டிரைவர் தூரத்திலேயே பார்த்துவிடுவார். வேலை முடிந்து இருட்டில் தனியாகத் திரும்பும் கூலித் தொழிலாளியின் சைக்கிளில் ரிஃப்ளெக்டர்கூட இருக்காது. 50 ரூபாய் ஸ்டிக்கர் நாலு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வழியில் பார்ப்பவர் சைக்கிளில் ஒட்டிவிட்டுப் போகலாம்.

விபத்து நடந்தால்?

குழுவில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலில் 108. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கியபோது ஒருவருக்கு ரூ.1 லட்சம் வரை என்று வரம்பு வைத்தார்கள். வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. இந்தப் பாதையில் ஒரு முனையில் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை. மறுமுனையில் அண்ணாமலைநகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அடிபட்டவர் நம் குழுவைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதிகாலையில் அந்தச் சாலையில் முதலில் போகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிள்காரர்கள்தான். “நமக்கு எதுக்கு வம்பு, போலீஸ் கேஸ் ஆகிடும்” என்ற பயம் வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்கு பாயாது என்கிறது. பெயரைச் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

பெண்கள் எங்கே?

எந்த ஊர் சைக்கிள் குழுவின் போட்டோவைப் பார்த்தாலும் கேட்கத் தோன்றும் கேள்வி இது. இருபது பேர் நின்றால் அதில் பெண்கள் ஒருவரோ இருவரோதான். இத்தனைக்கும் பெண்கள் கூட்டமாக சைக்கிள் ஓட்டிய மிகப் பெரிய வரலாறு இதே தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணையாக நின்றார். விவசாயக் கூலிகள், கல் உடைப்பவர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் அதிகமான பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகியவர்கள் உண்டு. முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருக்காமல் தண்ணீர் எடுக்கவும் வேலைக்கும் போக முடிந்தது. ‘இதெல்லாம் பொம்பளைக்குத் தேவையா?’ என்ற பேச்சு அப்போதும் இருந்தது. கூட்டமாகப் போனதால்தான் அதைத் தாண்ட முடிந்தது.

அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பிளஸ் 1 படிக்கப் போன பெண்கள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. ஞாயிறு காலை ஐந்தே காலுக்கு அவர்கள் வீட்டில் யார் அடுப்பு பற்றவைப்பது என்பதுதான் கேள்வி. இருட்டில் தனியாக மஞ்சக்குப்பம் வரை வர வேண்டும் என்பது இன்னொன்று. சில மாற்றங்கள் எளிது. ஆறு மணிக்குக் கிளம்பலாம். வீட்டுப் பக்கம் போய் அழைத்துக்கொள்ளலாம். 20 கி.மீ.யில் முடித்துக்கொள்ளலாம். ‘கியர் சைக்கிள் இல்லாதவர்கள் வர வேண்டாம்’ என்ற எழுதப்படாத விதியை எடுத்துவிடலாம். கேரியர் வைத்த சாதாரண சைக்கிளில் 20 கி.மீ. போக முடியாதா என்ன?

வருகிறவர் கையில் மாற்று டியூப், பம்ப், கொஞ்சம் சில்லறை, ரத்த வகையும் வீட்டு நம்பரும் எழுதிய சீட்டு இருந்தால் போதும். டயரில் காற்றை சனிக்கிழமை சாயங்காலமே பார்த்துவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு எந்த சைக்கிள் கடையும் திறந்திருக்காது.