நுரையீரலின் சேமப் படை

சுவாசகோசமாகிய நுரையீரல் வெறும் துருத்தியன்று. அதன் குழாய்களின் நுனியில் சுமார் 48 கோடி நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கை, தகடு போல் மெலிந்த முதல் வகை ஜீவ அணுக்கள் மூடியிருக்கின்றன. மூலைகளில் ஒதுங்கியிருக்கும் இரண்டாம் வகை அணுக்களோ, காற்றறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி ஒருவித வழவழப்பான திரவத்தைச் சுரக்கின்றன. அத்துடன் அவற்றின் ஊழியம் தீர்ந்ததா? இல்லை. சுவர் பழுதுற்றால் அவையே பெருகி, முதல் வகையாக உருமாறி, இடத்தை நிரப்புகின்றன.

வளர்ந்த மனிதருக்கு நுரையீரல் மீண்டும் வளராது என்றே வைத்தியர்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். 1995-ல் அமெரிக்காவில் 33 வயது ஸ்திரீ ஒருவருக்குப் புற்றுநோயின் பொருட்டு வலது நுரையீரல் முழுவதும் அகற்றப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, எஞ்சிய இடது நுரையீரல் வெறுமனே உப்பியிருக்கவில்லை; காற்றறைகளின் தொகையே பெருகியிருந்தது! 2012-ல் இச்செய்தி வெளியாயிற்று.

புகை பிடிப்போர் இதைக் கேட்டுத் தைரியம் கொள்ள வேண்டாம். ஆண்டுக்கணக்கில் புகை தாக்கினால் சேம அணுக்களும் சோர்கின்றன. காற்றறைகள் இடிந்து பொந்துகளாகின்றன. அவற்றை மீட்டுத் தரும் சிகிச்சை இன்னும் நிரூபணமாகவில்லை. 'மூல அணு ஊசி' என்று விளம்பரம் செய்து, குடும்பங்களின் நகைகளை அடகுக்கு அனுப்புவோரை நாம் எப்படி நம்புவது?

மூச்சுக்குழாய்ச் சுவரிலும் சேம அணுக்கள் உண்டு. புகையை விட்டொழித்தவர்களிடம் அங்கே பழுது குறைந்த அணுக்கள், விடாதவர்களைக் காட்டிலும் நான்கு மடங்கு இருந்தன என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கண்டது.