காக்காவா, தாத்தாவா?

குட்டீஸ்! உங்கள் வீட்டு வாண்டு காக்காவைக் காட்டி, "தாத்தா பறக்குது" என்கிறதா? சிரிக்காதீர்கள்! 'த' சொல்ல, நாக்கு நுனி பல்லைத் தொடும். அது கண்ணுக்குத் தெரியும். 'க' சொல்ல, நாக்கின் பின்பகுதி வாய்க்குள்ளே மேலே எழும், அது தெரியாது. அதனால், 3 வயதுவரை பல குழந்தைகள் இப்படித் தடுமாறும்.

இதற்குப் பேச்சுப் பயிற்சியாளர்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. எங்கள் கரையாம்புத்தூரில் பழைய கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. உங்கள் வீட்டிலும் இருக்குமே! ஒன்றில் காக்கா, இன்னொன்றில் தாத்தா வரைந்து, வெட்டி, ஐஸ் குச்சியில் ஒட்டுங்கள்.

வாண்டு பெயர் சொல்லட்டும். காதில் விழுந்ததையே தூக்கிக் காட்டுங்கள். காக்காவைக் கேட்டால் தாத்தா வருகிறாரே! 'நாம் சொன்னது வேறு' என்று அதற்கே புரியும். "தப்பு" என்று சொல்லாமல், "கா...க்கா" என்று மெதுவாகச் சொல்லிக் காட்டுங்கள். தினமும் 5 நிமிடம் போதும்.

4 வயது தாண்டியும் மாறவில்லையா? அம்மா, அப்பாவிடம் சொல்லுங்கள். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் சோதிப்பார்கள்.

கேலிக்குப் பயந்த குழந்தை, பேசவே தயங்கும். அது பேசி முடிக்கும்வரை காத்திருங்கள், செல்லங்களே!